பாரன் தீவு எரிமலைக்கு ரிஜிஸ்டர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 13-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் அந்தமானுக்குக் கிழக்கே இருக்கும் பாரன் தீவு எரிமலை குமுறியது. அப்போது உங்கள் நாளிதழில் ஐந்தாறு வரியில் ஒரு செய்தி வந்தது. எரிமலை கண்காணிப்பில் இருக்கிறது, மக்கள் பயப்பட வேண்டாம் என்ற அளவில் முடிந்துவிட்டது. அந்தத் துண்டைக் கத்தரித்து என் டைரிக்குள் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளமாக இருக்கும். முழுவதும் போட இடமில்லை என்றால் இதில் உள்ள கேள்விகளையாவது போடுங்கள்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். அரசு வேலையில் 33 ஆண்டு பாசன உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாசன உதவியாளர் என்றால் எங்கள் பக்கம் யாருக்கும் புரியாது, லஸ்கர் என்றால்தான் தெரியும். மதகு திறப்பது, மூடுவது, வாய்க்காலில் அடைப்பு எடுப்பது, கரையில் எலிவளை விழுந்திருக்கிறதா என்று நடந்து பார்ப்பது எல்லாம் எங்கள் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் அணையின் அளவுகோலைப் படித்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். வெள்ளக் காலத்தில் மணிக்கு ஒரு முறை எழுத வேண்டும். தேதி, நேரம், நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், மழையளவு, கடைசியில் கையெழுத்து. அறிக்கை என்ற சொல்லைக் கேட்டாலே என் கண்ணுக்கு முன்னால் வருவது கோடு போட்ட அந்தப் பக்கம்தான்.

எரிமலைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். என் மகளைக் கட்டிக் கொடுத்திருப்பது ஸ்ரீ விஜயபுரத்தில். நாம் போர்ட் பிளேர் என்று சொல்லிப் பழகிய ஊர்தான், 2024 செப்டம்பரில் பெயர் மாறியது. மருமகனுக்கு அபர்தீன் பஜாரில் பாத்திரக்கடை. பேரன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பாரன் தீவு அவர்கள் ஊரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். எங்கள் ஊரிலிருந்து சேலம் போய், அங்கிருந்து நாமக்கல்லையும் தொட்டுவிடுகிற தூரம்.

கடற்படைக் கப்பலிலிருந்து எடுத்த காணொலி வெளியான அன்று இரவு மகள் போன் செய்தாள். அந்தப் பகுதியில் 4.2 அளவில் ஒரு நிலநடுக்கமும் வந்திருந்தது. "அப்பா, கடைக்கு வர்றவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. சுனாமி வரும்ங்கிறாங்க, ஒண்ணுமே இல்லைங்கிறாங்க. யாரை நம்புறதுன்னு தெரியலை" என்றாள். 2004 டிசம்பர் 26-ஐ அங்கே யாரும் மறக்கவில்லை. தரை லேசாக ஆடினாலே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடுகிற ஊர் அது. பேரன் போனை வாங்கி என்னிடம் ஒன்று கேட்டான். "தாத்தா, நீங்க அணையில தினமும் எழுதுவீங்களே, அந்த மாதிரி நோட்டு எரிமலைக்கு யார் வச்சிருக்காங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. எங்கள் அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற பூகோள டீச்சர் ஒருவர் இருக்கிறார், சாமல்பட்டியில் பிறந்தவர். அவர்தான் வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து படித்துச் சொன்னார். அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும், சாமல்பட்டிப் பாறைகளில் சில, 70, 80 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் கொதித்து எழுந்து, மேலே வராமல் உள்ளேயே இறுகிய பாறைக்குழம்பாம். சின்ன வயதில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது நான் உட்கார்ந்த கல்லாகக்கூட அது இருந்திருக்கலாம். நம் மாவட்டத்தில் அந்த நெருப்பு அடங்கி யுகங்கள் ஆகிவிட்டன. பாரன் தீவில் இன்னும் அடங்கவில்லை. நம் நாட்டில் இப்போதும் உயிரோடு இருக்கிற எரிமலை அது ஒன்றுதான்.

தீவின் குறுக்களவு 3 கிலோமீட்டர்தான். கடலுக்கு மேல் தெரிகிற உயரம் 350 மீட்டர் அளவில். ஆனால் நாம் பார்ப்பது மலையின் உச்சியை மட்டும்தான், கடலடித் தரையிலிருந்து கணக்கிட்டால் இன்னும் 2 கிலோமீட்டருக்கு மேல் தண்ணீருக்குள் நிற்கிறது. நம் நிலத்தட்டு பர்மா தட்டுக்கு அடியில் செருகிப் போகிற கோட்டில் அமைந்திருப்பதால்தான் அங்கே நெருப்பு. 1787-இல் முதன்முதலாக அது குமுறியதை எழுதி வைத்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சில முறை குமுறிவிட்டு, அப்புறம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சத்தமே இல்லை. 1991-இல் திரும்பவும் விழித்தது. 1994-95, 2005 என்று தொடர்ந்தது. 2017 ஜனவரி 23 அன்று கோவாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் சிந்து சங்கல்ப் என்ற கப்பலில், கடலடி மண் எடுக்க அந்தப் பக்கம் போயிருந்தார்கள். அப்போது எரிமலை சாம்பலைக் கக்குவதை நேரில் பார்த்து உலகத்துக்குச் சொன்னார்கள். வேறு வேலையாகப் போனவர்கள் பார்த்துச் சொன்ன செய்தி அது. இதை டீச்சர் படித்துச் சொன்ன இடத்தில் நான் நிறுத்தச் சொல்லி இன்னொரு முறை படிக்கச் சொன்னேன்.

அந்தத் தீவில் குடியிருப்பு கிடையாது. காட்டு ஆடுகள் உண்டு. யாரும் இல்லாத இடம் என்பதால் அவசரமில்லை என்று நினைக்கிறார்களோ என்னவோ. ஆனால் தீவைச் சுற்றிலும் மீன்பிடிப் படகு போகிறது, சரக்குக் கப்பல் போகிறது. இறங்க அனுமதி இல்லாவிட்டாலும், கப்பலிலிருந்து எரிமலையைப் பார்க்கச் சுற்றுலா போகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே விமானம் பறக்கிறது. ஆள் இல்லாதது தீவின் மேல் மட்டும்தான்.

இந்த எரிமலையின் நிலையை வெளியே சொல்வது யார் என்று தேடினால், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் உலக எரிமலைகளைப் பற்றி வாரந்தோறும் வெளியிடும் அறிக்கையில் பாரன் தீவின் பெயர் வருகிறது. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இருக்கும் எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையம், சாம்பல் எழுந்தால் அறிவிப்பு விடுகிறது. உலகம் முழுவதற்கும் அப்படி ஒன்பது மையங்கள் இருக்கின்றன, பாரன் தீவு டார்வினின் பொறுப்பில் வருகிறது. அது விமானிகளுக்கான அறிவிப்பு. எத்தனை அடி உயரத்தில் சாம்பல், எந்தத் திசையில் காற்று என்று இருக்கும். வீட்டில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் என் மகள் அதைப் படித்து என்ன செய்வாள்?

நம் நாட்டில் ஆள் இல்லை, அறிவு இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1851-இல் தொடங்கியது. அதன் ஆட்கள் பல முறை அந்தத் தீவுக்குப் போய்க் கல் எடுத்து வந்து ஆராய்ந்திருக்கிறார்கள். நிலநடுக்கம் வந்தால் தேசிய நிலநடுக்கவியல் மையம் நேரம், ஆழம், அளவு எல்லாவற்றையும் சீக்கிரமே பொதுவில் போடுகிறது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் 2007-இலிருந்து சுனாமி எச்சரிக்கை மையம் நடத்துகிறது. அதே இன்காய்ஸ், எந்த இடத்தில் மீன் கிடைக்கும் என்பதை மீனவர்களுக்குத் தமிழிலும் சொல்கிறது. மீன் இருக்கிற இடத்தைத் தமிழில் சொல்ல முடிகிறவர்களுக்கு எரிமலையின் நிலையைத் தமிழில் சொல்ல முடியாதா? அந்தமானில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் கொஞ்சமா?

ஓர் அலுவலகத்துக்கு நான் கடிதம் எழுதிக் கேட்டேன். எந்த அலுவலகம் என்று இங்கே சொல்லப் போவதில்லை, அது முக்கியமும் இல்லை. பல வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. எரிமலையைத் தொடர்ந்து கவனித்து வருகிறோம், கவலைப்படும்படி எதுவும் இல்லை என்பதுதான் அந்த வரியின் சாரம். அதில் தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது. எண் ஒன்றுகூட இல்லை.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருந்தால் என் கோபம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குப் புரியாது.

எனக்கு 29 வயது இருக்கும்போது, ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி. எந்த அணை என்பது வேண்டாம். மின்சாரம் இல்லை. அளவுகோலுக்கு இறங்கும் படியில் தண்ணீர் ஏறி, பாசி வழுக்கியது. இரண்டு மணி அளவை எடுத்துவிட்டேன். மூன்று மணிக்கு இறங்க முடியவில்லை. டார்ச் வெளிச்சம் மழையைத் தாண்டிப் போகவில்லை. வயர்லெஸ்ஸில் மேலதிகாரி அளவைக் கேட்டார். பார்க்க முடியவில்லை ஐயா என்றேன். முந்தின அளவையே போடு, காலையில் சரி பண்ணிக்கொள்ளலாம் என்றார். நான் போட்டேன். மூன்று மணிக்கு நேரே இரண்டு மணியின் எண்ணை அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

நாலரை மணிக்குப் பார்த்தபோது தண்ணீர் ஒரு அடிக்கு மேல் ஏறியிருந்தது. அவசர அவசரமாக ஷட்டர் தூக்கினோம். கீழே ஆற்றோரம் கொட்டகை போட்டிருந்த குடும்பத்துக்குத் தகவல் போய்ச் சேரும் முன் தண்ணீர் போய்விட்டது. ஆட்கள் தப்பினார்கள். இரண்டு கறவை மாடும் எட்டு ஆடும் போயின. காலையில் அந்த வீட்டு அம்மா கரையில் உட்கார்ந்து, அறுந்த தும்புக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்று மூன்று மணிக் கட்டத்தில் 'அளவு எடுக்கவில்லை' என்று நான் எழுதியிருந்தால், மேலே இருப்பவர்கள் ஓர் இருட்டு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு முன்கூட்டியே ஆள் அனுப்பியிருப்பார்கள். பழைய எண்ணைப் போட்டதால் நிலைமை மாறவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். அளவு எடுக்காததும், அளவு மாறாததும் ஒன்றல்ல. அதற்கப்புறம் நான் வேலையில் இருந்த கடைசி நாள் வரைக்கும், பார்க்காத அளவை எழுதியதில்லை.

எரிமலை விஷயத்தில் இதே இருட்டு வேறு உருவத்தில் இருக்கிறது. பாரன் தீவைப் பெரும்பாலும் செயற்கைக்கோள் வழியாகத்தான் பார்க்கிறார்கள். வானத்திலிருந்து சூட்டை அளக்கும் கருவிகள் உண்டு, தரையில் ஓர் இடம் சுற்றுப்புறத்தைவிடக் கொதித்தால் அதைப் புள்ளியாகக் காட்டும். நல்ல வசதிதான். ஆனால் மேகம் மூடினால் அந்தக் கண்ணுக்குத் தெரியாது. அந்தமானில் மே மாதம் தொடங்கும் மழை வருடத்தில் பாதிக்கு மேல் விட்டு விட்டுப் பெய்யும். ஒரு வாரம் முழுக்க மேகம் மூடி, சூட்டுப் புள்ளி எதுவும் பதிவாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வார அறிக்கையில் எரிமலை அமைதியாக இருக்கிறது என்று எழுதினால் அது நான் அன்று போட்ட மூன்று மணி எண்தான். மேகத்தால் பார்க்க முடியவில்லை என்று எழுதினால் அது அறிக்கை.

ஆகவே என் முதல் கேள்வி இதுதான். கவலைப்பட எதுவும் இல்லை என்று சொன்ன அன்று, எந்தக் கருவி, எந்தத் தேதியில், எதை அளந்து அப்படிச் சொன்னது? தீவின் மேலேயோ பக்கத்துத் தீவிலோ நில அதிர்வுக் கருவி வேலை செய்துகொண்டிருந்ததா, அல்லது தூரத்து நிலையத்தின் பதிவை வைத்துச் சொன்னார்களா? எரிமலைக்குள் பாறைக்குழம்பு நகரும்போது வரும் சின்னச் சின்ன அதிர்வுகள் 140 கிலோமீட்டர் தாண்டிக் கேட்காது. பெரிய நிலநடுக்கத்தைப் பிடிக்கிற வலையில் இந்தச் சின்ன மீன் சிக்காது என்பது டீச்சர் எனக்குச் சொன்ன விளக்கம்.

கந்தக வாயு ஒரு நாளைக்கு எத்தனை டன் வருகிறது, போன மாதத்தைவிடக் கூடியதா குறைந்ததா? மலை உப்பியிருக்கிறதா, அமுங்கியிருக்கிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இப்போது நம் கையிலேயே கருவி இருக்கிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து அனுப்பிய நிசார் செயற்கைக்கோள் ரேடார் கொண்டு பார்க்கிறது. மேகம் அதற்குத் தடையில்லை, இரவும் தடையில்லை. 12 நாளுக்கு ஒரு முறை அதே இடத்தைத் திரும்பப் பார்த்து, தரை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அசைந்திருந்தாலும் கண்டுபிடிக்கும். அந்த ராக்கெட் கிளம்பியதை நான் டிவியில் பார்த்துக் கை தட்டினேன். அந்த நிசார் பாரன் தீவைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை 12 நாளுக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் போதுமே.

எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி ஜனங்களுக்கு எண் கொடுத்தால் புரியாது, பயந்துவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் அவர்களை ஒகேனக்கலுக்குக் கூட்டிப் போகிறேன். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிற அளவு தினமும் செய்தியில் வருகிறது. வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று. பென்னாகரத்தில் என் மைத்துனர் வீட்டுக்குப் பக்கத்தில் பரிசல் ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. "காலைல 8 ஆயிரம், இப்ப 12 ஆயிரம். கபினியில தொறந்திருப்பாங்க. நாளைக்குப் பரிசலை நிறுத்திருவாங்க" என்று டீக்கடையில் கணக்குச் சொல்கிறார். 2018 ஆகஸ்டில் 2 லட்சம் கன அடியைத் தொட்டபோதும் அந்த எண்ணை யாரும் மறைக்கவில்லை. யாரும் பயந்து ஊரை விட்டு ஓடவும் இல்லை. எண் தெரிந்ததால் எங்கே நிற்கக் கூடாது என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

எண் முன்கூட்டி வராத ராத்திரியையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. 2024 டிசம்பர் முதல் வாரம், ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. நிறுத்தி வைத்திருந்த வேனும் காரும் தண்ணீரில் உருண்டு போனதை நாடே பார்த்தது. அன்று காலை ஊத்தங்கரையில் என் சம்பந்தி வீட்டுக்குப் போன் செய்தால், ஏரி உடைந்துவிட்டதாம், இல்லையாம், அணை திறந்துவிட்டார்களாம் என்று பத்துப் பேர் பத்து விதம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தமானில் என் மகள் சொன்னதும் அதேபோலத்தான் இருந்தது. அரசாங்கத்தின் எண் வந்து சேராத இடத்தில் அடுத்த வீட்டுக்காரர் எண் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

மற்ற நாடுகளில் எப்படி என்று டீச்சரைப் படிக்கச் சொன்னேன். பிலிப்பைன்ஸில் தால், மயோன் போன்ற எரிமலைகளுக்குத் தினமும் ஒரு தாள் வருகிறது. 24 மணி நேரத்தில் எத்தனை அதிர்வு, கந்தக வாயு எத்தனை டன், புகை எத்தனை மீட்டர் உயரம், எந்தத் திசை, எச்சரிக்கை நிலை 0-இலிருந்து 5-க்குள் எது, மக்கள் எங்கே போகக் கூடாது. அணை ரிஜிஸ்டர் மாதிரியே இருக்கிறது, எனக்கு டீச்சர் மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லாமல் கட்டம் கட்டமாகப் புரிந்தது. இந்தோனேசியாவில் நான்கு நிலை வைத்திருக்கிறார்கள். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் காம்பி ஃப்ளெக்ரேய் என்ற எரிமலைப் பகுதி, 2012 டிசம்பரிலிருந்து மஞ்சள் எச்சரிக்கை நிலையில் இருக்கிறது. லட்சக்கணக்கான ஜனங்கள் அதன் மேலேயே வீடு கட்டி வாழ்கிறார்கள். அங்கே கண்காணிப்பு நிலையம் வாரந்தோறும் அறிக்கை போடுகிறது, தரை மாதத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் உயர்கிறது என்பது உட்பட. பொதுக்கூட்டத்தில் ஜனங்கள் எழுந்து கேள்வி கேட்கிறார்கள், விஞ்ஞானிகள் நின்று பதில் சொல்கிறார்கள்.

அறிக்கை இருந்தாலே போதும் என்றும் இல்லை. கொலம்பியாவில் நெவாதோ டெல் ரூயிஸ் எரிமலை 1985 நவம்பர் 13 இரவு வெடித்து, பனி உருகிச் சேறாக இறங்கி ஆர்மெரோ என்ற ஊரை மூடியது. 20 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்த ஊருக்கு ஆபத்து என்று காட்டும் வரைபடம் அதற்கு முந்தின மாதமே தயாராகி இருந்தது. வரைபடம் அலுவலகத்தில் இருந்தது, ஜனங்கள் ஊரில் இருந்தார்கள். இதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தோனேசியாவின் அனக் கிரகடோவா இன்னொரு விதம். 2018 டிசம்பர் 22 இரவு எரிமலையின் ஒரு பக்கச் சரிவு கடலுக்குள் இடிந்து விழுந்து சுனாமி எழுந்தது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரிய நிலநடுக்கம் எதுவும் இல்லாததால் நிலநடுக்கத்தை நம்பியிருந்த எச்சரிக்கை முறைக்கு அது தெரியவே இல்லை. பாரன் தீவிலும் அப்படி நடக்கப் போகிறது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்லிப் பீதி கிளப்புவது பாவம். ஆனால் பாரன் தீவின் பழைய வாய் மேற்குப் பக்கம் கடலைப் பார்த்து உடைந்து திறந்திருக்கிறது, லாவா அந்த வழியாகத்தான் கடலுக்குள் இறங்குகிறது. ஸ்ரீ விஜயபுரம் இருப்பதும் அதற்குத் தென்மேற்கில். தண்ணீருக்குள் இருக்கும் சரிவை எப்போது கடைசியாக அளந்தார்கள், 2025 குமுறலுக்குப் பிறகு அளந்தார்களா என்று அங்கே குடியிருக்கிறவர்கள் கேட்பது நியாயமான கேள்விதானே.

விஞ்ஞானிகள் பக்கமும் ஒரு பயம் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். இத்தாலியில் லாக்விலா என்ற ஊரில் 2009 ஏப்ரல் 6 அன்று நிலநடுக்கத்தில் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். முன்கூட்டி ஆறுதல் சொன்னார்கள் என்று விஞ்ஞானிகள் மேல் வழக்குப் போட்டுத் தண்டனையும் கொடுத்தார்கள். ஆறு விஞ்ஞானிகளை 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. அதைப் பார்த்த எந்த அதிகாரிக்கும், எதையும் சொல்லாமல் இருப்பதே நல்லது என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஜனங்கள் கோபப்பட்டது நிலநடுக்கத்தைக் கணிக்காததற்காக அல்ல. ஒன்றுமில்லை, வீட்டுக்குள் போங்கள் என்ற பேச்சை நம்பி உள்ளே படுத்ததற்காகத்தான். நாளைக்கு எரிமலை வெடிக்குமா என்று யாரும் நம் விஞ்ஞானிகளைக் கேட்கவில்லை. நேற்று என்ன பார்த்தீர்கள், எதைப் பார்க்க முடியவில்லை என்றுதான் கேட்கிறோம். அணையில் நானும் நாளைக்கு எத்தனை அடி வரும் என்று எழுதியதில்லை.

எரிமலை தூரத்தில் இருக்கிறது என்ற ஆறுதலும் இப்போது செல்லாது. 2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவில் ஹேலி குபி என்ற எரிமலை வெடித்தது. பல ஆயிரம் ஆண்டுகளாக அது வெடித்ததாகப் பதிவே இல்லை. மறுநாள் இரவுக்குள் அதன் சாம்பல் மேகம் கடல் தாண்டி டெல்லி வானம் வரை வந்து, நம் விமானங்கள் ரத்தாயின. ஆப்பிரிக்காவின் எரிமலைக்கு இவ்வளவு அறிவிப்பு கொடுத்தோம். நம் சொந்த எரிமலைக்கு வாரம் ஒரு தாள் ஏன் எங்கள் கைக்கு வருவதில்லை?

நான் கேட்பது ஒரு பக்கத் தாள். வாரம் ஒரு முறை, குறித்த கிழமையில், எரிமலை சும்மா இருந்தாலும் வர வேண்டும். அமைதியாக இருக்கிற வாரங்களின் எண் கையில் இருந்தால்தான் குமுறுகிற வாரத்தின் எண் பெரிதா சிறிதா என்று தெரியும். அணையில் கோடைக்காலத்திலும் தினமும் எழுதினோம், தண்ணீர் அசையாமல் கிடந்தாலும் எழுதினோம். அந்தத் தாள் இந்தி, ஆங்கிலத்தோடு தமிழிலும் வங்காளத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தீவுகளில் வீட்டுக்குள் பேசுகிற மொழிகள் இவை. நிலை ஒன்று என்றால் படகு எத்தனை கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும், நிலை இரண்டு என்றால் சுற்றுலாக் கப்பல் போகலாமா கூடாதா என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். நியூசிலாந்தில் வகாரி என்ற எரிமலைத் தீவில் 2019 நவம்பரில் எச்சரிக்கை நிலையை 2-க்கு உயர்த்தினார்கள், அதற்குப் பிறகும் சுற்றுலா நடந்தது. டிசம்பர் 9 அன்று வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள், 22 பேர் இறந்தார்கள். எண் ஏறியது, அந்த எண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது யார் கையிலும் இல்லை. கடைசியாக, அந்தத் தாளின் கீழே கேள்வி அனுப்ப ஒரு முகவரியும், கேள்விக்குப் பதில் அடுத்த வாரத் தாளிலேயே வரும் என்ற உறுதியும் வேண்டும்.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவே, மக்கள் கேட்காமலே அரசு அலுவலகங்கள் தாமாகத் தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. அதே சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுவும் போட்டுவிட்டேன், டீச்சர்தான் எழுதிக் கொடுத்தார். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் அதன் நகலை உங்களுக்கு அனுப்புகிறேன்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் ஒகேனக்கல் நீர்வரத்தும் அணைகளின் நீர்மட்டமும் ஒரு சிறு பெட்டியில் போடுகிறீர்கள், அதைப் படித்துவிட்டுத்தான் நான் மற்ற பக்கத்துக்குப் போவேன். அந்தப் பெட்டிக்குக் கீழே வாரம் ஒரு நாள் இரண்டு வரி இடம் கொடுங்கள். பாரன் தீவு, தேதி, அதிர்வு, வாயு, நிலை. அதிகாரிகளிடம் உங்கள் நிருபர் கேட்டு வாங்கிப் போடட்டும். அவர்கள் எண் தராத வாரத்தில் இடத்தைக் காலியாக விடாதீர்கள், போன வாரத்து எண்ணையும் போடாதீர்கள். 'அளவு தரப்படவில்லை' என்று தேதியோடு அச்சிடுங்கள். நான் அந்தத் துண்டைக் கத்தரித்து என் பேரனுக்கு அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசன உதவியாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.